தோற்கப்போகிற மாநிலத்துக்குக் கடைசி நேரத்தில் எதற்குப் போகிறார்கள்?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துக்கொண்டே அமெரிக்கத் தேர்தல் கதை கேட்கிற ஆள் நான். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. 2024 அதிபர் தேர்தலுக்கு முன், அக்டோபர் 25 அன்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ் டெக்ஸஸ் மாநிலத்து ஹூஸ்டனில் கூட்டம் போட்டார். 27 அன்று குடியரசுக் கட்சியின் டிரம்ப் நியூயார்க்கில். இரண்டும் அவரவருக்குக் கிடைக்காத மாநிலம். எதற்கு இந்த வெட்டி அலைச்சல்?

ஏற்காடு மிளகு:
ஹாரிஸ் மேடை டெக்ஸஸில்தான், ஆனால் கேட்க வேண்டிய ஆள் இழுபறி மாநிலமான பென்சில்வேனியாவில் டிவி முன்னால். டெக்ஸஸின் கருக்கலைப்புத் தடையை அங்கேயே நின்று பேசினால் செய்தி பெரிதாகும். அப்புறம், அதே கட்சிக்காக டெக்ஸஸில் செனட்டுக்கு (நாடாளுமன்ற மேலவைக்கு) நின்ற காலின் ஆல்ரெடையும் மேடை ஏற்றினார்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:
சரிங்க, நஷ்டமே இல்லையா?

வாழப்பாடி அக்கா:
ஏன் இல்லை தம்பி? எங்கள் தொகுதி வேட்பாளர் கடைசி நாளில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால், கீழே பாதி ஊர் விட்டுப்போகும். 1960இல் அதிபர் தேர்தலில் நின்ற நிக்சன் 50 மாநிலத்துக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு, தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு அலாஸ்கா பறந்தார். அங்கே 3 எலெக்டோரல் ஓட்டுதான் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கிய ஓட்டு; பெரும்பாலும் அங்கே ஜெயித்தவருக்கே மொத்தமும்). அது கிடைத்தது, 27 ஓட்டு வைத்திருந்த இல்லினாய்ஸ் சுமார் 9,000 மக்கள் ஓட்டு வித்தியாசத்தில் கைநழுவியது. 2016இல் டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளிண்டன் கடைசி வாரம் அரிசோனா போனார், வேட்பாளரான பிறகு விஸ்கான்சின் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. இரண்டும் போச்சு.

ஏற்காடு மிளகு:
ஒபாமா 2008இல் இண்டியானாவைப் பிடித்தாரே அக்கா, 1964க்கு அப்புறம் ஜனநாயகக் கட்சிக்கு அங்கே முதல் தடவை!

வாழப்பாடி அக்கா:
பிரசாரத்துக்கு அரசு தரும் நிதியை வாங்கினால் செலவுக்கு வரம்பு உண்டு; அவர் அது வேண்டாம் என்றதால் வரம்பில்லை. அவரை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் அந்த நிதியை வாங்கிவிட்டு 8.4 கோடி டாலருக்குள் முடங்கினார். கையில் காசு இருந்தால் எந்த மலையும் ஏறலாம், சாமி.