தடையில்லா வர்த்தகத்துக்கு ஒரு நாட்டைத் தயார் செய்யும் வேலை: ஆப்பிரிக்காவில் இருந்தவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
கென்யா–உகாண்டா எல்லையில் புசியா. ஆப்பிரிக்கக் கண்டத் தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தால் கண்டம் முழுக்க ஒரே சந்தை வருகிறது, சிறு வியாபாரிகளைத் தயார் செய்ய வேண்டும் என்று ஒரு பயிற்சிக் குழு கிளம்பியது. கணக்கு வழக்கு பார்க்க நானும் போனேன். 2021 மார்ச்சில்தான் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்று உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தைக் கென்யா நிறுத்தியது. சில நாளிலேயே, பரிசோதனைச் சான்று இருந்தால் வரலாம் என்று திறந்தும் விட்டது. அந்தச் சூடு ஆறாத நேரம்.

2000 டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு எளிய ஒரிஜின் சர்டிஃபிகேட் (சரக்கு எந்த நாட்டில் விளைந்தது, எங்கே செய்தது என்ற சான்று) எல்லையிலேயே கிடைக்கும், வரி கிடையாது என்று பயிற்சியாளர் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா எழுந்து வந்து, துணி முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி மக்காச்சோளத்தை மேஜைமேல் கொட்டினார். “வரி இல்லை, சரி. இதை டெஸ்ட் செய்ய யார் காசு தருவார்கள்? ஒரு லாரி லோடு கொண்டுவருகிறவனுக்கும் என் மூன்று மூட்டைக்கும் ஒரே ஃபீஸ்தானே?” நாளைக்குப் பேசலாம் என்றார் பயிற்சியாளர். மறுநாள் பணப் பரிமாற்ற வகுப்பு நடந்தது, சோளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவும் வரவில்லை. இன்றுவரை மனதை அரிக்கிறது.

செம்மண்:
அண்ணே, எங்களுக்கு வேறு மாதிரி. கானாவில் ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெயை டப்பாவில் அடைத்து அனுப்பும் சின்ன கம்பெனியில் ஏற்றுமதி பார்த்தேன். கண்ட ஒப்பந்தத்தின் செயலகமே கானாவின் தலைநகர் அக்ராவில்தான். 2022 அக்டோபரில் எட்டு நாடுகளை வைத்துச் சோதனை வர்த்தகம் தொடங்கியபோது கானாவும் அதில் உண்டு. அந்தத் தெம்பில் எங்கள் முதலாளியும் ஒரு நாட்டுக்குச் சரக்கு அனுப்பினார்.

போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் அதிகாரி டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிறார். கிளியரிங் ஏஜென்ட் வீடியோ அனுப்பியிருந்தார். “வாசனை இருக்கிறது, இது க்ரீம்” என்கிறார். நாங்கள் போட்ட எச்.எஸ். கோடு (சரக்கு இன்ன வகை என்று கஸ்டம்ஸுக்குச் சொல்லும் எண்) 1515, தாவரக் கொழுப்பு. அவர் சொன்னது 3304, அழகுசாதனம். கோடு மாறினால் ஒரிஜின் விதியும் மாறும், கையிலிருக்கும் சர்டிஃபிகேட் செல்லாது. வாசனைக்கு இரண்டு சொட்டு எலுமிச்சைப்புல் எண்ணெய் விட்டிருந்தோம், அவ்வளவுதான். கடைசியில் முழு வரி கட்டித்தான் எடுத்தார்கள்.

கலங்கரை:
டெஸ்ட், கோடு எல்லாம் அப்புறம். அரசாங்கமே கதவைச் சாத்தினால் என்ன தயாரிப்பு செய்து என்ன பயன்? நைஜீரியா 2019 ஜூலையில், நைஜர் நாட்டின் நியாமேயில் இந்தக் கண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஆகஸ்டிலேயே தரைவழி எல்லையை மூடியது. திறந்தது 2020 டிசம்பரில். நான் அப்போது பெனினில் கொட்டோனோவில் வேலை பார்த்தேன். நைஜீரியாவுக்குப் போகும் செமே எல்லைப் பக்கம் அன்னாசி லாரிகள் நின்றன. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து சாறு ரோட்டில் ஒழுகுகிறது, ஒரு டிரைவர் பழத்தை வெட்டி எங்களுக்குச் சும்மா கொடுக்கிறார். வைகைக்கரை, உங்கள் பயிற்சியாளரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது.

செம்மண்:
ஒரேயடியாக அப்படிச் சொல்லாதீர்கள். கடத்தல் அரிசி தங்கள் விவசாயியை அழிக்கிறது என்பதுதான் நைஜீரியா சொன்ன காரணம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அரிசிக்காக அன்னாசியையும் நிறுத்தியதை என்னாலும் ஏற்க முடியாது.

உப்பளம்:
ஜாம்பியா–ஜிம்பாப்வே நடுவில் சிருண்டுவில் சில காலம் இருந்தேன். 2009-லேயே இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து பார்க்கும் எல்லைச் சாவடி அது. கட்டடம் ஒன்றானது, ஆனால் ஒரே லாரியை இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததைக் கண்ணால் கண்டேன்.

இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வரிக் குறைப்பு நிதானமாகத்தான் நடக்கும். 90 சதவீத பொருள்களுக்கு வரி போகும், ஆனால் அதற்கே ஐந்து வருடம், மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குப் பத்து வருடம். அந்த அவகாசத்தைத் தலைநகர ஹோட்டல் கூட்டங்களில் செலவழிக்காதீர்கள். சாவடியில் முத்திரை குத்தும் ஆளுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். செம்மண் சொன்ன சிக்கலுக்கு, சரக்கு கிளம்பும் முன்பே இது எந்தக் கோடு என்று அந்த நாட்டு கஸ்டம்ஸிடம் எழுத்தில் முன்தீர்ப்பு வாங்குங்கள். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தத்தில் அதற்கு வழி இருக்கிறது. எல்லையில் தடை வந்தால் ஆன்லைனில் புகார் பதியும் ஏற்பாடும் உண்டு, டிரைவர்களுக்கு அதைப் போனில் காட்டிக் கொடுங்கள். சோளத்துக்கு, பத்துப் பேர் மூட்டைகளைச் சேர்த்து ஒரே டெஸ்டாகச் செய்தால் ஃபீஸ் பங்காகிவிடும்.

வைகைக்கரை:
உப்பளம் சார், பங்கு போடும் யோசனையை அங்கேயே பேசினோம். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மூட்டையில் பூஞ்சை இருந்தால் பத்துப் பேர் சரக்கும் திரும்பிப் போகும், யாருடைய மூட்டை என்று சண்டை வரும். அவர்கள் கேட்டது தார்ப்பாயும் ஈரப்பத மீட்டரும். தரையில் காயவைக்காமல் 13.5 சதவீதத்துக்குக் கீழே ஈரத்தை இறக்கிவிட்டால் பூஞ்சைக்குப் பாதி வழி அடைபடும், டெஸ்டுக்குக் கொடுக்கத் தைரியம் வரும் என்றார்கள். எங்கள் பட்ஜெட்டில் அதற்கு இடமே இல்லை. அடுத்து யாராவது அந்தப் பக்கம் திட்டம் எழுதினால், மீட்டரை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.