அப்பான்ர வில்லுக்கத்தி திறக்குதில்லை, அப்பிடியே உங்கட முதல் கத்திக் கதையும் சொல்லுங்கோ

குளக்கட்டுக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும், நான் முள்ளியவளைப் பக்கம். போன கிழமை அம்மான்ர தட்டுமுட்டுச் சாமான் ஒதுக்கேக்க ஒரு பழைய பால்மா ரின்னுக்குள்ள, பூட்டில்லாத சாவி, சாவியில்லாத பூட்டு, சைக்கிள் வால்கட்டை எண்டு கிடந்ததுகளுக்குள்ள அப்பான்ர வில்லுக்கத்தியும் கிடந்திச்சு. அப்பா செத்து எட்டு வருசம். 2009ல தையல் மெசினையே விட்டிட்டு வந்த சனம் நாங்கள், இது எப்பிடி வந்து சேர்ந்ததெண்டு அம்மாவுக்கே தெரியேல்லை, ஆற்றையோ உடுப்புப் பையின்ர அடியில கிடந்திருக்கும் எண்டுறா.

மடிச்சபடி என்ர நடுவிரல் நீளம்தான். பிடி எருமைக்கொம்பு போல, கறுப்பு, ஒரு பக்கம் மயிர் அளவுக்கு வெடிப்பு. மூண்டு பித்தளை ஆணி. அலகில ஏதோ எழுத்து இருந்த தடம் கிடக்கு, வாசிக்கேலாது. நகம் குடுத்து இழுக்கிற குழி ரெண்டு பக்கமும் இருக்கு, ஒரு பக்கத்தில நல்ல வடிவா, மற்றப் பக்கத்தில கோணல்மாணலா. பிரச்சினை என்னெண்டா அசையுதே இல்லை. குறட்டால பிடிச்சு இழுப்பமோ எண்டு நினைச்சன், அம்மா பேசினா, விட்டிட்டன். நெருப்பில கொஞ்சம் காட்டினா இளகும் எண்டு பக்கத்து வீட்டு அண்ணை சொல்லுறார், சரியோ?

சும்மா உதவி மட்டும் கேட்டா ஒருத்தரும் எழுத மாட்டீங்கள் எண்டு தெரியும், அதால உங்கட முதல் கத்தியையும் சொல்லுங்கோ. என்ரய நானே சொல்லுறன். பத்து வயசு, சைக்கிள் கடையில முறிஞ்ச இரும்பு வாள் பிளேட் ஒண்டு பொறுக்கி, பள்ளிக்கூடப் படிக்கட்டுச் சீமெந்தில ரெண்டு கிழமை தேய்ச்சு, பிடிக்கு ரியூப் வார் சுத்தி ஒரு கத்தி செய்தனான். அதால கிட்டி சீவேக்க பெருவிரல் வெட்டுப்பட்டு அம்மா கோப்பித்தூள் வைச்சுக் கட்டினவ, தழும்பு இப்பவும் இருக்கு. அப்பா அடிக்கேல்லை. என்ர கத்தியை வாங்கிப் பாத்திட்டு "அலகு நல்லா வந்திருக்கு, பிடிதான் சரியில்லை" எண்டு சொல்லிப்போட்டு கிணத்துக்குள்ள எறிஞ்சவர்.

உலையடி:

தம்பி நெருப்பில காட்டிப்போடாதேங்கோ!! முதல் அதைச் சொல்லோணும் எண்டுதான் வேலையை விட்டிட்டு எழுதுறன். எங்கட அப்புவும் பெரியப்பாவும் ஒட்டுசுட்டானில பட்டறை வைச்சிருந்தவை, நான் சின்னனில துருத்தி இழுத்தவன், பிறகு சைக்கிள் றிம்மில வார் போட்டுச் சுத்துற காத்தாடி வந்திட்டுது.

வில்லுக்கத்தி எண்டு சும்மா பேர் வைக்கேல்லை. பிடியின்ர முதுகுப் பக்கம் ஓடுற அந்த இரும்புத்தகடுதான் வில்லு, அலகின்ர அடிக்கட்டையை அது அமத்திப் பிடிக்கிறதாலதான் திறந்தாலும் மடிச்சாலும் டக் எண்டு நிக்குது. அலகுக்கும் வில்லுக்கும் தோய்ச்சல் வேற வேற. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில தோய்ச்சு எடுத்தா இரும்பு கண்ணாடி மாதிரி, கீழ விழுந்தாலே உடையும், அதால திரும்ப மெல்லமா சூடு காட்டுவினம். பளபளப்பா மினுக்கின இரும்பில நிறம் ஓடி வரும், வைக்கோல் நிறம் வந்த உடன நிப்பாட்டினா அலகுக்குச் சரி, அதையும் தாண்டி நீலம் வந்தா வில்லுக்குச் சரி. வைக்கோலுக்கும் நீலத்துக்கும் இடையில கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான், பெரியப்பா அந்த நேரம் ஒருத்தரோடையும் கதைக்க மாட்டார், ஏன் மத்தியானத்தில கூட உலையடியை இருட்டாக்கி வைச்சிருக்கிறவர் எண்டா முதல் காய்ச்சேக்க அந்தச் சிவப்பின்ர அளவு பாக்கத்தான். இப்ப நீங்கள் அடுப்பில காட்டினா அந்தத் தோய்ச்சல் போயிடும், கொம்பும் சுருண்டு வெடிக்கும், பிறகு அது வெறும் தகரம்.

செய்ய வேண்டியது இதுதான். ஆணி இருக்கிற மூட்டுப் பக்கம் தையல் மெசின் எண்ணெய் ரெண்டு துளி, இல்லாட்டி மண்ணெண்ணெய். முழுக்க ஊறப் போடாதேங்கோ, மூட்டில மட்டும். மூட்டு கீழ பாக்க ஒரு சுண்டுக்குள்ள நிமித்தி வைச்சு ரெண்டு மூண்டு நாள் விடுங்கோ, காலமையும் பின்னேரமும் ஒரு துளி. தேங்காயெண்ணெய் விடாதேங்கோ, நாள் போகப் பிசினாகும். பிறகு குத்திக்காசு ஒண்டின்ர விளிம்பை அந்த நகக்குழிக்குள்ள குடுத்து மெல்லமா நெம்புங்கோ. குறடு வேண்டாம், அலகு பல்லுப் பல்லா உடைஞ்சிடும்.

இனி நான் கேக்கிறன். நகக்குழி ரெண்டு பக்கமும் இருக்கெண்டு சொன்னீங்கள். இந்தச் சாதிக் கத்தி நான் ஒரு நூறாவது பிடிச்சிருப்பன், குழி ஒரு பக்கத்திலதான் இருக்கும், வலக்கையால திறக்கிறவைக்குத் தோதா. மற்றப் பக்கத்துக் கோணல் குழி ஆரோ அரத்தால ராவினது. கொப்பர் பீச்சக்கைக்காரரோ?

கச்சான்_சுருள்:

எனக்கு முதல் கத்தி வாய்தான். நெல்லிக்காய், பாலைப்பழம், பனங்கிழங்கு, நூல், பிளாஸ்ரிக் பை, எல்லாம் அதாலதான். இப்ப முன்பல்லு ரெண்டும் கட்டின பல்லு. 😂

வட்டக்கச்சி_மருமகள்:

பெடியள் மட்டும்தான் கத்தி வைச்சிருந்தவை எண்டு நினைப்போ? என்ர கதையைக் கேளுங்கோ. கிளிநொச்சியில இருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில கொட்டில் போட்டு இருக்கேக்கதான் நான் பெரியபிள்ளையானது. 97ம் ஆண்டு. தனிய இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில இரும்பு இருக்கோணும், வேப்பிலை இருக்கோணும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, வழமையா பாக்குவெட்டிதான் குடுக்கிறது. எங்கட அம்மம்மா தரமாட்டன் எண்டிட்டா! அவவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வெத்திலை போடோணும், இருந்தது ஒரே ஒரு பாக்குவெட்டி. கொடுவாக்கத்தி விறகுக்கு வேணும், சத்தகம் அம்மா பெட்டி இழைக்கிறதுக்கு வேணும், அது இழைச்சாத்தான் அண்டைக்கு உலை வைக்கலாம். கடைசியில தம்பின்ர வில்லுக்கத்தியைப் பறிச்சு என்ர தலைமாட்டில வைச்சவை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகேக்க மாமா வாங்கிக் குடுத்த கத்தி அது, அங்க கடலில அள்ளின தண்ணியில விளக்கெரியிறதைப் பாக்கிறதுக்கு முதல் இவன் கடைத்தெருவில நிண்டு அழுது வாங்கினவன்.

அவன் கொட்டில் வாசலில நிண்டு "அக்கா எப்ப முடியும், எப்ப முடியும்" எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பான், நான் உள்ள இருந்து டக் டக் எண்டு திறந்து மூடிக் காட்டுவன். தண்ணி வார்த்த பிறகும் நான் திருப்பிக் குடுக்கேல்லை. இரும்பு குடுத்தா குடுத்ததுதான் எண்டு ஒரு சாத்திரம் நானே கண்டுபிடிச்சுச் சொன்னன், அம்மம்மா வெத்திலைச் சிரிப்போட "ஓம் ஓம், அப்பிடித்தான்" எண்டிட்டா. பிறகு ஓலை வார, ஈர்க்குச் சீவ, றேடியோவுக்கு டைனமோ வயர் உரிக்க எல்லாத்துக்கும் அதுதான், பற்றறி உள்ளுக்க விடாத காலம், சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டிப் பெடலைச் சுத்தித்தானே செய்தி கேட்டது.

உலையடி அண்ணை, தேங்காயெண்ணெயைக் குறை சொல்லாதேங்கோ. அம்மம்மான்ர சத்தகத்துக்கு அதைத் தவிர வேற ஒண்டும் பூசேல்லை, ஒரு பொட்டுத் துரு இல்லை.

உலையடி:

தங்கச்சி, சத்தகத்துக்கு மூட்டு இல்லைத்தானே. ஒரு முனையில வளைஞ்ச அலகு, மற்ற முனை ஊசி மாதிரி, ஒரே இரும்பு. ஒவ்வொரு நாளும் கையில புழங்கிறது, என்ன எண்ணெய் பூசினாலும் நிக்கும். மடிப்புக்குள்ள விட்ட தேங்காயெண்ணெய் தூசியோட சேந்து வண்டிமை மாதிரி வரும். அலகுக்குப் பூசுங்கோ, மூட்டுக்கு வேண்டாம், அவ்வளவுதான் நான் சொன்னது.

பரிஸ்_குளிர்:

நான் பூநகரி, இப்ப பிரான்ஸ் வந்து பதினைஞ்சு வருசம். முதல் கத்தி அப்பான்ரய களவா எடுத்தது, அதைக் கடலுக்குள்ள விட்டதும் நான்தான், திருக்கை வெட்டேக்க வழுக்கிப் போட்டுது, அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

இங்க ஒப்பினெல் எண்டு ஒரு கத்தி, சந்தையில, பலசரக்குக் கடையில எல்லா இடமும் தொங்கும். சவோய் மலைப் பக்கத்துச் சாமான், 1890ல இருந்து செய்யினம். முதல் சம்பளத்தில எட்டாம் நம்பர் வாங்கினன், அலகு எட்டரை சென்ரிமீற்றர். கையில எடுத்தாத்தான் தெரியுது, இதில வில்லே இல்லை! மரப்பிடியைக் கீறி அலகைச் செருகி ஒரு ஆணி, கழுத்தில இரும்பு வளையம், அதைத் திருப்பினா அலகு பூட்டுப்படும், அந்த வளையமும் 1955லதான் வந்ததாம். ஆனா மரம் ஈரம் குடிச்சா ஊதி அலகை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளும், உங்கட அப்பான்ர மாதிரித்தான். வேலையிடத்தில சவோய்க்காரக் கிழவன் ஒருத்தர் பாடம் காட்டினவர், வளையத்தைத் திறந்து விட்டு, பிடியின்ர குண்டியை மேசையில ஒரு தட்டு, அலகு தானா தலையை நீட்டும். உங்கடயில இதைச் செய்யாதேங்கோ தம்பி, கொம்பு வெடிக்கும், அது வேற சாதி.

துருப்பிடிக்கிற கார்பன் இரும்புதான் வாங்கினனான். ஒரு மாங்காய் வெட்டினாப் போதும், அலகு கறுத்து நீலம் ஓடும், உறைப்புத்தூளும் உப்பும் போட்டுச் சாப்பிட்டா மாங்காயில இரும்பு வாசம் ஒண்டு வரும் பாருங்கோ, அதுக்காகவே மற்றது வாங்கேல்லை. மனிசி கறள் கத்தி எண்டு தனியத் தூக்கி வைச்சிருக்கிறா. வெளிய கொண்டு போறேல்லை, காரணமில்லாமல் சட்டைப்பையில வைச்சிருந்தா இங்க பொலிசுக்குப் பதில் சொல்லோணும்.

ஈஸ்ற்ஹாம்_மச்சான்:

மச்சான் லண்டனுக்கு அதைக் கொண்டு வந்திடாத. இங்க காரணமில்லாமல் கொண்டு திரியிறதெண்டா மடிக்கிற கத்தி, மூண்டு இஞ்சிக்குள்ள, அதோட பூட்டு இருக்கவே கூடாது. உன்ர வளையம் பூட்டுக் கணக்குத்தான். எங்கட பழைய வில்லுக்கத்தி சரிவரும், வில்லு அமத்துறது பூட்டில்லை. ஊரில செய்தவைக்கு இது முன்னமே தெரிஞ்சிருக்கு போல.

பழைய_தபால்காரர்:

பிள்ளையள் கதைக்கிறதைப் பாத்திட்டு எழுதுறன், தட்டச்சு பிழை இருந்தாப் பொறுக்கோணும். எனக்கு எழுபத்திமூண்டு. நெடுங்கேணிப் பக்கம் காட்டுக்குள்ளால சைக்கிளில போறனாங்கள், பொரிச்ச இறைச்சி கொண்டு போனா பார்சலுக்க ஒரு கரித்துண்டும் இரும்பும் வைச்சுத்தான் மனிசி தருவா. ஆணி வைக்கிறதுக்குப் பதிலா நான் வில்லுக்கத்தியை வைப்பன், பேய்க்கும் ஆச்சு, இறைச்சி வெட்டவும் ஆச்சு. முப்பது வருசம் இருந்த கத்தி. ஒரு சோதனைச்சாவடியில பையைக் கொட்டிப் பாத்து எடுத்துப் போட்டாங்கள், ஒரு பெட்டி நிறைய நகவெட்டி, கத்தரிக்கோல், கத்தி எண்டு கிடந்திச்சு, அதுக்க போட்ட சத்தம் கேட்டது. திரும்பி வரேக்க கேக்கலாம் எண்டு நினைச்சன், வேற பாதையால வந்திட்டம்.

இன்னொண்டு தம்பி. கத்தி திறந்தா ஆருக்கும் கையில நீட்டிக் குடாதேங்கோ, கீழ வையுங்கோ, அவை எடுக்கட்டும். கையில குடுத்தாச் சண்டை வரும்.

குளக்கட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, நாலு நாளா வராததுக்கு மன்னிக்கோணும், சுண்டும் எண்ணெயுமா இருந்தனான்.

உலையடி அண்ணை, நீங்கள் கேட்டதை வாசிச்சிட்டு நான் "இல்லை, அப்பா வலக்கை" எண்டு எழுதப் போனன். சாப்பிட்டது வலக்கை, கையெழுத்து வைச்சது வலக்கை, என்னைக் குட்டினதும் வலக்கை. பேந்து ஒரு சந்தேகத்தில அம்மாட்டக் கேட்டன். அம்மா சிரிச்சுப்போட்டு, "உனக்குத் தெரியாதே? அந்தாள் பிறவிப் பீச்சக்கை, பள்ளிக்கூடத்தில வாத்தியார் மொழியில அடிச்சு மாத்தினது, எழுத்தும் சோறும்தான் மாறினது, கத்தி மாறேல்லை" எண்டா. புகையிலை வெட்டேக்க ஏன் எப்பவும் எங்களுக்கு முதுகு காட்டி இருந்தவர் எண்டு அப்பதான் விளங்கினது. முப்பது வருசம் ஒரே வீட்டில இருந்திருக்கிறன், நீங்கள் ஒரு குழியை வைச்சுக் கண்டுபிடிச்சிட்டீங்கள்.

இனிக் கத்தி. மூண்டாம் நாள் பழைய ரெண்டு ரூபாக் குத்தியைக் குடுத்து நெம்பினன், அரைவாசி வந்து நிண்டிட்டுது, பயத்தில விட்டிட்டன். இண்டைக்குக் காலமை முழுக்க வந்திட்டுது. அலகு தேய்ஞ்சு புளியமிலை ஈர்க்கு மாதிரி இருக்கு. பிடி உள்ளுக்க துரு மட்டும் இல்லை, கறுப்பா ஒரு களி, ஊசியால கிண்டி எடுத்து மணந்து பாத்தன், புகையிலை. அம்மாட்டக் காட்டினன், அவ கையை நீட்டினவ, நான் தபால்காரர் ஐயா சொன்னது ஞாபகம் வந்து மேசையில வைச்சன், அவ எடுத்து மணந்திட்டு ஒண்டும் கதைக்காமல் குசினிக்குள்ள போயிட்டா.

ஒரு கேள்வி இருக்கு அண்ணை. மடிக்கேக்க டக் எண்டு வரேல்லை, டொக் எண்டு வருது. வில்லு செத்துப்போச்சோ?

உலையடி:

வில்லு செத்தா சத்தமே வராது தம்பி, அலகு ஆடும். டொக் எண்டா மூட்டுக்க இன்னும் ஊத்தை கிடக்கு. எண்ணெய் விட்டு விட்டு ஒரு ஐம்பது தரம் திறந்து மடியுங்கோ, கறுப்புத் தண்ணி வர வர சீலையால துடையுங்கோ. வெடிப்பை ஒட்டுற பசை என்னெண்டு ஞாயிறு எழுதுறன், இப்ப வயலுக்குப் போறன்.