புதுப்பிப்பு: புதிய பள்ளியில் முதல் நாள்

மாறுதலில் ஈராசிரியர் தொடக்கப்பள்ளிக்குப் போகிறேன், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறை, எப்படித் தொடங்குவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். "முதல் நாள் பாடம் வேண்டாம், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றீர்கள். அப்படியே செய்தேன், நன்றி.

எட்டு மணிக்கே போய்விட்டேன். புதன்கிழமை, காலை உணவுக்குப் பொங்கலும் சாம்பாரும். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது பெயர்கள் தாமாகவே வந்து விழுந்தன. 2022இல் தொடங்கிய இந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பசியை மட்டும் ஆற்றவில்லை, கூச்சத்தையும் போக்குகிறது.

மூன்று வகுப்பு ஓர் அறை என்பது பயந்த அளவுக்கு இல்லை. அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல் நிலை) என்று கற்றல் நிலை பார்த்துத்தானே பிரிக்கிறோம்! மலர் நிலைப் பையன் ஒருவன் அரும்புக் குழந்தைகளுக்கு எழுத்து அட்டையைத் தானே காட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு சிறுமி மட்டும் வாய் திறக்கவில்லை. பெயர் கேட்டதும் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையின் அடிவிளிம்பில் எழுதினாள். 'ழி'யின் சுழி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. இன்று திருத்தவில்லை. மணி அடித்ததும் அந்தச் சாக்கட்டித் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று சைகையில் கேட்டாள். புதிதாக ஒன்றும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.