வீட்டில் நோயாளியைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஊரில் என்ன செய்யலாம்?

திருக்கோவில் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் இளைஞர் கழகத்தில் பதினைந்து பேர் இருக்கிறோம். ஊரில் படிக்கிற வயதிலேயே நோயாளியைப் பராமரிக்கிற பிள்ளைகள் ஏழு பேரைத் தெரியும். ஒருத்தி பத்தாம் வகுப்பு. தாய் குவைத்தில், அம்மம்மா பாரிசவாதத்தில் படுக்கையில் விழுந்து எட்டு மாதம். விடிய நாலரைக்கு எழும்பி, உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி பருக்கி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள். கையில் டெட்டோல் மணக்கிறது என்று வகுப்பில் யார் பக்கத்திலும் இருக்கக் கூசுகிறாளாம், என் தங்கச்சி சொன்னாள்.

இவர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை தலைமைத்துவப் பயிற்சி, கூடவே பையும் கொப்பியும் என்று திட்டம் போட்டோம். முதல் நாள் வந்தது இரண்டே பேர். எங்கே பிழை விட்டோம்? இன்னொன்று, அம்பாறை மாவட்டத்தில் தமிழர் நாங்கள் சிறுதொகை, உதவி கேட்டு எழுதிய ஓர் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் படிவம் வந்திருக்கிறது.

ஆரையம்பதி அண்ணன்:
தம்பி, நான் ஓ.எல் சோதனை எடுத்த வருசம் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பராமரித்தவன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அப்படி இருக்கிற பிள்ளையை மண்டபத்துக்கு வா என்றால் எப்படி வரும்? வீட்டை விட்டு அசைய ஏலாததுதானே அதன் பிரச்சினையே.

எனக்கு அந்த வருசம் உதவியது பக்கத்து வீட்டு மாமி. கணித ரியூசன் நாளில் வந்து, பாக்குச் சீவிக்கொண்டு அப்பாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். நான் நிம்மதியாக வகுப்பில் இருந்தேன், கணிதமும் பாஸ். நீங்கள் பயிற்சியை விடுங்கள், வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். அம்மம்மாவைப் பார்க்கப் பொடியன்கள் போக ஏலாது, உங்கள் அம்மாமாரைக் கேளுங்கள். கிழமைக்கு இரண்டு மணி நேரம் போதும், ஆனால் சொன்ன நாளில் வர வேண்டும்.

வாகரை அக்கா:
அண்ணன் சொன்னதுதான் சரி. இங்கே கரையோர வேடர் குடும்பங்களிலும் இதே கதை, தாய் தகப்பன் கூலிக்குப் போக மூத்த பிள்ளை மறிபட்டுவிடும். இலங்கையில் 2016இலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி, ஆனால் வீட்டில் மாற்றாள் இல்லாமல் சட்டம் மட்டும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோகாது.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். வருமானம் குறைந்த வீடென்றால் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ரூபாய், 70 வயது தாண்டிய முதியோருக்கு 5,000. பம்பஸ் வாங்கவே முக்கால்வாசி போய்விடும், என்றாலும் விடாதீர்கள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் பேசுங்கள், ஆனால் முதலில் அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு. தன்னை எங்காவது விடுதியில் போட்டுவிடுவார்கள் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

படிவத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்பி, தமிழில் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

திருக்கோவில் தம்பி:
நன்றி அண்ணன், அக்கா. அம்மாவிடம் கேட்டேன், செவ்வாயும் வியாழனும் அந்த அம்மம்மாவோடு போய் இருப்பதாகச் சொன்னார். இன்னும் ஆறு வீடு இருக்கிறது, நாளைக்குப் பெரியம்மாவைக் கேட்கிறேன்.