ஒன்பது கொடுத்தால் நூறு வருமாம்! ஈட்டர் கணக்கைக் கேட்டுக் காது புளித்துவிட்டது

கறார்கணக்கு:
நேற்று அணுமின் இழையில் பிளாஸ்மா தாத்தா போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "ஈட்டரில் நாம் கொடுப்பது ஒன்பது சதவீதம், நமக்கு வருவது நூறு சதவீதத் தொழில்நுட்பம். இதைவிட லாபமான பொதுச் செலவு உண்டா?" அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. பல வருடமாக இதே வரி. அதனால்தான் தனி இழை.

தெரியாதவர்களுக்கு: ஈட்டர் என்பது பிரான்சின் தெற்கே கடராஷில் கட்டிக்கொண்டிருக்கும் அணுக்கரு இணைவு உலை, அதாவது அணுக்கருக்களைப் பிளக்காமல் ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுக்கப் பார்க்கும் சோதனை உலை. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா என்று ஏழு கூட்டாளிகள். கட்டுமானச் செலவில் ஐரோப்பாவுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவு, மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 9 சதவீதம். இதுவரை சரி. அந்த "நூறு" எங்கிருந்து வந்தது?

பிளாஸ்மா தாத்தா:
என் பெயரில் இழை திறந்ததற்கு நன்றி, பெருமையாக இருக்கிறது. நூறு எங்கிருந்து வந்தது என்றால், 2006 நவம்பர் 21 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து வந்தது. அறிவுசார் சொத்துக்கென்றே அதில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. திட்டத்தில் உருவாகும் அறிவு எல்லா உறுப்பினருக்கும் பாகுபாடில்லாமல் பொது. கொடுத்தது ஒன்பது, எடுப்பது நூறு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

அந்த ஒன்பதையும் நாம் காசாகக் கொட்டிவிடவில்லை. பெரும்பகுதி பொருளாகவே போகிறது. உலையை மூடி நிற்கும் கிரையோஸ்டாட், அதாவது உள்ளிருக்கும் காந்தங்களைக் கடுங்குளிரில் காக்கும் எஃகுக் கலம், 3,850 டன் எடை, 29 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட அதே உயரம். குஜராத்தின் ஹசீராவில் துண்டு துண்டாகச் செய்து கப்பலேற்றினார்கள். அந்தப் பணம் நம் பட்டறைக்குத்தான் போனது. இதையும் உங்கள் கறார் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கறார்கணக்கு:
பின்னிணைப்பை நானும் படித்தேன் ஐயா. நீங்கள் முதல் பத்தியோடு மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. திட்டத்துக்குள் புதிதாக உருவாவது ஒன்று. ஒவ்வொரு நாடும் ஏற்கெனவே கையில் வைத்திருந்து கொண்டுவருவது வேறு. முதலாவது, அரசுப் பணத்தில் நடக்கும் இணைவு ஆராய்ச்சிக்கு இலவசம். இரண்டாவதில் வணிக ரகசியம் என்று ஒரு கதவு உண்டு, வேண்டியபோது சாத்திக்கொள்ளலாம்.

சரி, கதவை விடுங்கள். நியோபியம்-டின் கம்பிக்கு வருவோம். கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்திக் கம்பி அது, உலையின் பெரிய காந்தங்களுக்கு உயிரே அதுதான். ஈட்டருக்கு முன் உலகம் முழுக்க வருடத்துக்கு 15 டன் அளவில் தயாரானது, ஈட்டருக்காக 100 டன் வரை ஏறியது. ஒரு தொழிலே புதிதாக எழுந்தது. அந்தக் கடத்திகளைச் செய்தவர்கள் ஏழு கூட்டாளிகளில் ஆறு பேர். விட்டுப்போன ஒருவர் யார்? தாத்தா வாயாலேயே கேட்க ஆசை.

பிளாஸ்மா தாத்தா:
இந்தியாதான். அதனால் என்ன? ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் செய்வதென்றால் கூட்டுத் திட்டம் எதற்கு? வரைபடம், சோதனை முடிவு, அறிக்கை எல்லாம் நமக்கும் திறந்துதான் இருக்கிறது.

கறார்கணக்கு:
ஏட்டுச் சுரைக்காய்.

சந்தேகசாமி:
ஒரு நிமிடம். தொழில்நுட்பம் "வந்துவிட்டது" என்று எப்போது சொல்லலாம்? ஆவணம் வந்தால் போதுமா, நாமே செய்யத் தெரிய வேண்டுமா, இல்லை விற்கிற அளவுக்கு வர வேண்டுமா? அதை முதலில் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

வலைநரி:
இதெல்லாம் வீண் சண்டை. அரசுகள் சேர்ந்து செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பணம் போடாவிட்டால் இன்று இணையமே கிடையாது. நீங்கள் இங்கே கறார்க் கணக்கு எழுதவும் முடியாது.

கறார்கணக்கு:
இணையம் வேறு, வலை வேறு நரியாரே. இணையம் அமெரிக்க ராணுவப் பணத்தில் முளைத்தது. செர்னில் பிறந்தது அதன் மேல் ஓடும் வலை (www), 1989இல் திட்டம் எழுதப்பட்டது.

ஆனால் நல்ல இடத்தில் கொண்டுவந்து விட்டீர்கள். 1993 ஏப்ரல் 30 அன்று வலையின் மென்பொருளைச் செர்ன் எல்லாருக்கும் பொதுவாக்கியது. உறுப்பினருக்கு மட்டும் என்று சொல்லவில்லை. ஒரு காசு கொடுக்காதவனுக்கும் நூறு கிடைத்தது. அப்படியானால் ஒன்பது எதற்கு தாத்தா?

வலைநரி:
நான் வலையைத்தான் சொன்னேன். பேச்சு வழக்கில் எல்லாரும் இணையம் என்றுதான் சொல்கிறோம். இதற்கெல்லாம் தமிழ் வாத்தியார் வேலை பார்க்க வேண்டாம்.

பிளாஸ்மா தாத்தா:
எல்லாரும் சும்மா வாங்கிக்கொள்ள நின்றால் கொடுப்பவன் யார்? வரிசையில் கடைசியில் நிற்பவரின் கேள்வி இது.

வெல்டிங்மணி:
நான் ஈட்டரில் வேலை செய்ததில்லை. ஆனால் அதே மாதிரி தடித்த எஃகு வேலையில் இருந்திருக்கிறேன், வெளிநாட்டுக் கூட்டுத் திட்டம்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கூட்டாளியிடமிருந்து வெல்டிங் நடைமுறைத் தாள் வந்தது. ஆம்பியர், வோல்ட், வேகம், எத்தனை அடுக்கு, எல்லாம் இருந்தது. அச்சுப் பிசகாமல் செய்தோம். வளையம் ஆறியதும் பார்த்தால் ஒரு பக்கம் 4 மி.மீ. உள்ளே இழுத்திருந்தது. அறுத்து மறுபடி வைத்தோம், மறுபடியும் இழுத்தது. எங்கள் ஆட்களுக்குத்தான் திட்டு விழுந்தது.

கடைசியில் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தாளை எடுக்கவே இல்லை. சாக்பீஸை வாங்கி விளிம்பில் பன்னிரண்டு கோடு போட்டு, 1, 7, 4, 10 என்று எண் எழுதினார். இந்த வரிசையில் எதிரெதிராக, விட்டு விட்டு வையுங்கள் என்றார். நேராக நின்றது. இது ஏன் தாளில் இல்லை என்று கேட்டேன். "இது எல்லாருக்கும் தெரியுமே" என்றார். ஆச்சரியம் அவருக்குத்தான்.

கறார்கணக்கு:
பார்த்தீர்களா! இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். தாள் வரும், சாக்பீஸ் வராது.

பிளாஸ்மா தாத்தா:
பார்த்தீர்களா! கூட்டுத் திட்டம் இருந்ததால்தான் அந்தப் பெரியவர் வந்தார். சாக்பீஸ் வந்ததே!

வெல்டிங்மணி:
என்னை எந்தப் பக்கத்திலும் சேர்க்காதீர்கள்.

கறார்கணக்கு:
வெல்டிங்குக்கு வந்தது. கம்பிக்கு? இன்னொன்று தெரியுமா, அந்த ஒன்பதே அரைப் பொய். அது கட்டும் காலத்துக்கு மட்டும். உலை ஓடத் தொடங்கினால் இந்தியாவின் பங்கு 10. எப்போது ஓடும்? 2025இல் முதல் பிளாஸ்மா, அதாவது உலைக்குள் மின்னூட்டம் பெற்ற சூடான வாயு முதல் தடவை உருவாகும் என்றார்கள். 2024 ஜூலையில் புது அட்டவணை: ஆராய்ச்சி ஓட்டம் 2034, டியூட்டீரியம்-டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் வகைகளை உண்மையான எரிபொருளாகப் போடுவது 2039. அதிகப்படி செலவு 500 கோடி யூரோ. ஆக 9 ஏறிக்கொண்டே போகிறது, 100 மட்டும் அப்படியே நிற்கிறது.

பிளாஸ்மா தாத்தா:
தாமதம் சோம்பேறித்தனத்தால் வந்ததா? பெருந்தொற்று வந்தது. வெற்றிடக் கலத்தின் பாகங்களில் இணைப்பு விளிம்புகள் அளவு பிசகின. வெப்பக் கவசக் குழாய்களில் அரிப்பு விரிசல் விழுந்தது. இதுவரை யாரும் செய்யாத பொருள், முதல் தடவை இப்படித்தான் இருக்கும். குழாய் ஏன் விரிசல் விட்டது என்று ஏழு பேருக்கும் இப்போது தெரியும். அதுவும் அறிவுதான்.

கறார்கணக்கு:
அடடே, விரிசலும் நூறில் சேர்த்தியா? முன்பே சொல்லியிருந்தால் கணக்கைச் சுலபமாக முடித்திருக்கலாம்.

கிழக்குக்காற்று:
சீனாவைப் பாருங்கள். 2003இல் ஐரோப்பாவின் கலிலியோ என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள் திட்டத்தில் (ஜிபிஎஸ் மாதிரி) சேர்ந்தது, 20 கோடி யூரோ தருவதாகப் பேச்சு. பிறகு ஓரங்கட்டினார்கள். அழுதுகொண்டு நிற்காமல் பெய்டோ என்ற சொந்த வழிகாட்டி அமைப்பைத் தானே கட்டி 2020இல் உலகம் முழுக்க விரித்துவிட்டது. சேர்ந்து செய்கிறோம் என்று போனால் இதுதான் நடக்கும்.

பிளாஸ்மா தாத்தா:
அதே சீனா ஈட்டரை விட்டு ஏன் வெளியே போகவில்லை? அமெரிக்காகூட தொண்ணூறுகளின் கடைசியில் விலகிப் போய், 2003இல் திரும்பி வந்து உட்கார்ந்தது. முட்டாள்களா அவர்கள்?

கறார்கணக்கு:
சீனா கம்பி செய்கிறது, அதனால் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவும் கம்பி செய்கிறது. கேள்வி மாறவே இல்லை.

பிளாஸ்மா தாத்தா:
கம்பி, கம்பி, கம்பி. தோரியம் இழையிலும் நீங்கள் இப்படித்தான் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நாற்பது பதிவு போட்டு எல்லாரையும் துரத்தினீர்கள். என்னைத் "தாள் புலி" என்றீர்கள். மறக்கவில்லை.

கறார்கணக்கு:
தோரியத்தில் நான் சொன்னது தவறென்று இன்றுவரை யாரும் காட்டவில்லை. துரத்தவில்லை, பதில் இல்லாதவர்கள் தாமாகப் போனார்கள்.

வலைநரி:
இங்கேயும் அதேதான் நடக்கிறது. "இணையம்" என்று சொன்னதற்கு என்னை மட்டம் தட்டியதற்கு மன்னிப்பு வரவில்லை.

சந்தேகசாமி:
என் கேள்வியை யாராவது பார்த்தீர்களா?

பிளாஸ்மா தாத்தா:
நாளைக் காலை அந்தப் பின்னிணைப்பை வரி வரியாக இங்கே போடுகிறேன். அதற்குப் பிறகும் பேசுகிறாரா பார்ப்போம்.

கறார்கணக்கு:
தாராளமாகப் போடுங்கள். "நூறு" எந்த வரியில் இருக்கிறதோ அதை மட்டும் அடிக்கோடிடுங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒரு முழம் கம்பியும் வையுங்கள்.

வெல்டிங்மணி:
ஒரு திருத்தம். கூட வேலை செய்தவரிடம் இப்போது கேட்டேன். 1, 7, 4, 10 இல்லையாம், 1, 7, 10, 4 என்கிறார். எனக்கு முதலாவதுதான் ஞாபகம். யாரும் இதைப் பார்த்து வேலையில் இறங்கிவிட வேண்டாம்.