குழந்தையை அடிப்பதற்குத் தடை உண்டா: சட்டத்தில் எந்தப் பிரிவைப் பார்ப்பது?

கேள்வி:
பல நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். யாரைத் தாக்கினாலும் குற்றம் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. ‘பெற்றோர் குழந்தையை அடிக்கக் கூடாது’ என்று தனியாக இல்லை. இதைத் தடை என்று கொள்ளலாமா?

பதில் 1:
கொள்ள முடியாது. தாக்குதல் சட்டத்திலிருந்து பெற்றோருக்குத் தந்திருக்கும் விதிவிலக்கைத் தேடுங்கள். 1860இல் இங்கிலாந்தின் ஹாப்லி வழக்கில், மாணவனை அடித்தே கொன்ற ஆசிரியருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் ‘மிதமான, நியாயமான’ அடி செல்லும் என்று நீதிபதி சொன்னதையே பின்னாளில் அடித்தவர்கள் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், 58ஆம் பிரிவின்படி, காயம் ஏற்படுத்திய வழக்குகளில் இந்த வாதம் எடுபடாது. சாதாரணத் தாக்குதல் வழக்கில் இன்னும் எடுபடும். ஸ்காட்லாந்து 2020 நவம்பரிலும் வேல்ஸ் 2022 மார்ச்சிலும் அதை அடியோடு நீக்கிவிட்டன.

பதில் 2:
கனடாவைப் பலரும் தவறாகத் தடைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அங்கே உச்ச நீதிமன்றம் 2004இல் செய்தது, பிள்ளையைத் திருத்த நியாயமான அளவு பலத்தை அனுமதிக்கும் குற்றவியல் சட்டம் 43ஆம் பிரிவைச் சுருக்கியது மட்டுமே: 2 வயதுக்குக் கீழும் பதின்வயதிலும் அடிக்கக் கூடாது, பொருளால் அடிக்கக் கூடாது, தலையில் அடிக்கக் கூடாது. மீதி அடி அனுமதிக்கப்பட்டதே. எனக்கு இது அடிக்கும் முறையை வகுத்துக்கொடுப்பதாகவே படுகிறது.

இடத்தையும் பிரித்துப் பாருங்கள்: வீடு, பள்ளி, காப்பகம், சிறார் சிறை. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு பள்ளியைத்தான் கட்டுப்படுத்துகிறது, வீட்டை அல்ல.

கேட்டவர்:
விதிவிலக்கை நீக்கினால் போதுமா? ஒவ்வொரு அடிக்கும் பெற்றோர் நீதிமன்றம் போக வேண்டுமா?

பதில் 3:
நீக்கினால் மட்டும் போதாது. ஸ்வீடன் 1957இல் குற்றவியல் சட்டத்திலிருந்தும் 1966இல் பெற்றோர் சட்டத்திலிருந்தும் பெற்றோர் அடிக்கும் உரிமையை எடுத்தது. சட்டம் மௌனமானதே தவிர, அடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, மக்களுக்குத் தெளிவில்லை. அதனால்தான் 1979இல் வெளிப்படையான தடை வந்தது. அந்தப் பிரிவில் தண்டனையே கிடையாது. கடுமையான அடிக்குப் பழைய தாக்குதல் பிரிவு இருக்கிறது. செய்தியைப் பால் பெட்டிகளில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுபோனார்கள்.

வழக்குப் பயத்துக்கு நியூசிலாந்தின் 2007 திருத்தத்தைப் படியுங்கள். சாலைக்கு ஓடும் பிள்ளையைப் பிடித்து இழுக்கலாம். 59ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. திருத்துவதற்காகக் கை ஓங்க முடியாது. மிக அற்பமான சம்பவம், வழக்குத் தொடர்வதில் பொதுநலன் இல்லை என்றால் காவல்துறை விட்டுவிடலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. வரைவு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டால், எதிர்ப்பு முதலில் கிளம்புவது அங்கிருந்துதான்.