நெய்யூர் ஆஸ்பத்திரி: உங்க வீட்டுல கதை எதாச்சும் இருந்தா போடுங்க

திங்கள்சந்தைக்காரன்:
நெய்யூர் ஆஸ்பத்திரி தெரியாத ஆள் நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல கிடையாது, அதனால அறிமுகம் வேண்டாம், நேரா விஷயத்துக்கு வாறேன். எங்க பாட்டாவுக்கு நெஞ்சுக்குழியில இருந்து தொப்புள் வரை நேரா ஒரு தழும்பு. கிணத்தடியில குளிக்கும்போது பிள்ளைங்க நாங்க தொட்டுத் தொட்டுப் பாப்போம். "இமயமலை ஏறுன டாக்டராக்கும் கீறுனது"ன்னு சொல்லுவாரு, ஒருத்தனும் நம்பல, ஏன்னா புலியைக் கம்பால அடிச்சு விரட்டுன கதையையும் அதே மூஞ்சியோடதான் சொல்லுவாரு.

கடைசி காலத்துல திருவனந்தபுரத்துல ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனோம். சின்ன வயசு மலையாளி டாக்டர், ஜெல் தடவ வந்தவரு அப்படியே நின்னுட்டு அந்தத் தழும்பு மேல விரலை மேல இருந்து கீழ வரை ஓட்டுனாரு. "இது ஆரு செய்ததா அப்பூப்பா?" பாட்டா "சாமர்வெல்"னாரு. அவ்வளவுதான். அந்த ஆளு வெளிய ஓடிப் போய் இன்னும் ரெண்டு டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டுறாரு, பாட்டா சட்டையைத் தூக்கிப் பிடிச்சுட்டு மந்திரி கணக்கா படுத்திருக்காரு.

அப்புறம்தான் நான் தேடிப் படிச்சேன். இந்த சாமர்வெல் 1924ல எவரெஸ்ட்ல நார்ட்டன்னு இன்னொரு மலையேறி கூட கிட்டத்தட்ட 28,000 அடி வரை ஆக்சிஜன் இல்லாம போன ஆளு, தொண்டை அடைச்சுப் போய் அதுக்கு மேல முடியாம உக்காந்துட்டாரு. இறங்கும்போது மூச்சே நின்னு, செத்தோம்னு நினைச்சு, ரெண்டு கையாலயும் நெஞ்சை அழுத்தி இருமினதுல தொண்டையில இருந்து சதை கணக்கா என்னமோ ரத்தத்தோட வெளிய வந்து விழுந்திருக்கு. அந்த மனுசன்தான் வந்து நம்ம ஊர்ல வயித்துப்புண்ணுக்கு வரிசையா ஆபரேஷன் பண்ணிட்டு இருந்திருக்காரு. பாட்டா புலிக் கதையும் நிஜமோ என்னமோன்னு இப்ப சந்தேகமா இருக்கு.

குளச்சல்பொண்ணு:
எங்க அம்மாவைப் பெத்த ஆச்சிக்கு கன்னத்துல புத்து. வெத்தலை, புகையிலை, தூங்கும்போது கூட வாயில அடக்கி வச்சுத் தூங்குற ஆளு. நெய்யூர்ல காட்டி ரேடியம் வச்சு குணமாச்சுன்னு அம்மா சொல்லுவா, ஒரு பக்கம் கன்னம் உள்ள இழுத்துத்தான் இருக்கும். எனக்கு மறக்காதது என்னன்னா ஒரு கல்யாண வீட்டுல யாரோ வெத்தலைத் தாம்பாளத்தை நீட்டிட்டாங்க, ஆச்சி ஒண்ணுமே பேசல, அந்த அம்மா கையைப் பிடிச்சு இழுத்துத் தன் கன்னத்துக் குழியில வச்சு அழுத்துனா. பந்தியில அந்த வரிசையே கப்சிப்.

நான் பப்ளிக் ஹெல்த் படிக்கப் போனப்ப வாய்ப் புத்துநோய் பத்தின பழைய கட்டுரைகள்ல நம்ம ஊர் வந்துச்சு, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. 1908லயே பென்டால்னு நெய்யூர் டாக்டர் திருவிதாங்கூர்ல 1,700 புத்துநோய்க் கேஸைத் தொகுத்து இங்கிலாந்து பத்திரிகையில எழுதியிருக்காரு. 1933ல ஓர்னு இன்னொருத்தர் வெத்தலை போடுறவங்க வாய்ப் புத்து பத்தி லான்செட்னு மருத்துவப் பத்திரிகையில எழுதுறாரு. உலகமே பின்னாடி பேசுன விஷயம், நம்ம ஆச்சிமாரு வாயைத் திறந்து காட்டித்தான் தெரிஞ்சுருக்கு. அதை ஒருத்தனும் சொல்றதில்ல.

பழையஏடு:
எல்லாரும் சாமர்வெல் சாமர்வெல்னு அவரோட ஆரம்பிச்சு அவரோட முடிக்கிறீங்க. மன்னிக்கணும், அவரு 1922 எவரெஸ்ட் டிரிப் முடிஞ்சு இந்தியாவைச் சுத்திப் பாக்க வந்தப்ப இந்த ஆஸ்பத்திரிக்கு 80 வயசு தாண்டியாச்சு. 1838ல ராம்சேன்னு லண்டன் மிஷன் டாக்டர் ஆரம்பிச்சது. அவரு போனதும் படுத்துருச்சு. 1852ல லீட்ச் வந்தாரு, 1854ல கடல்ல குளிக்கப் போய் முங்கிச் செத்தாரு, மறுபடி படுத்துருச்சு. 1861ல ஜான் லோ வந்த பிறகுதான் எந்திரிச்சு நின்னுது, அதுவும் ஏன் நின்னுதுன்னா அவரு 1864ல உள்ளூர் பையன்களைச் சேர்த்து வைத்தியம் படிச்சுக் குடுக்க ஆரம்பிச்சாரு. ஒரு வெள்ளைக்காரன் செத்தா பூட்டிப் போடுற இடமா இருந்தது அதுக்கப்புறம் அப்படி இல்லாம ஆச்சு. என்னோட அனுபவம்னு பெருசா ஒண்ணுமில்ல, அங்க வச்சுத்தான் பிறந்தேன், அது எனக்கு ஞாபகம் இல்ல.

ரப்பர்பால்:
@பழையஏடு சார் நீங்க சொன்னது சரி ஆனா நீங்களும் ராம்சே லீட்ச் லோன்னுதான லிஸ்ட் போட்டீங்க, அந்தப் பையன்கள்ல ஒரு பேரையாவது போட்டீங்களா? எங்க குடும்பத்துல மூணு தலைமுறைக்கு முந்தி ஒருத்தர் அங்க படிச்சுட்டு கிளை ஆஸ்பத்திரியில இருந்தாருன்னு சொல்லுவாங்க. காலரா ஊரையே வாரிட்டுப் போற காலத்துல இந்த ஆளுங்கதான் வீடு வீடா போனது. அவரோட மருந்து இடிக்கிற கல் எங்க வீட்டுல இருந்துச்சு, எங்க மைனி அதுல இஞ்சி பூண்டு இடிச்சுட்டு இருந்தா. ஒருநாள் கிறிஸ்துமசுக்கு வந்த பெரிய தாத்தா அடுக்களைக்குள்ள வந்து அதைப் பாத்துட்டு சாப்பிடாமலே எந்திரிச்சுப் போய்ட்டாரு. மைனி இன்னைக்கும் கேக்கா, "கல்லுன்னா கல்லுதான, நான் என்ன செஞ்சேன்?"ன்னு. எனக்கும் பதில் தெரியல.

ஹெல்த்_அண்ணாச்சி:
நல்ல பகிர்வு. எங்க பக்கத்து வீட்டு மாமாவும் அங்க அல்சர் ஆபரேஷன் பண்ணவரு, நல்லா இருந்தாரு. ஆனா மக்களே ஒண்ணு சொல்றேன் கேளுங்க, அந்தக் காலத்துல மரச்சீனியும் மொளகாயும் தின்னு தின்னு வயிறு வெந்துருச்சுன்னுதான் நினைச்சாங்க, அதனால வயித்தைத் திறந்து இரைப்பையைக் குடலோட நேரா இணைச்சு விடுவாங்க. இப்ப அப்படி இல்ல. ஆஸ்திரேலியாவுல வாரன், மார்ஷல்னு ரெண்டு பேரு ஹெலிகோபாக்டர்ங்கிற கிருமிதான் முக்கால்வாசி அல்சருக்குக் காரணம்னு கண்டுபிடிச்சாங்க, அதுல மார்ஷல் அந்தக் கிருமியைக் குடிச்சே காட்டுனாரு, 2005ல நோபல் பரிசு குடுத்தாங்க. அதனால வயித்தெரிச்சல்னா மெடிக்கல் ஷாப்ல போய் ஜெலூசில் வாங்கி வாங்கிக் குடிச்சுட்டு வருசக்கணக்குல ஓட்டாதீங்க, டாக்டர் சொன்னா எண்டோஸ்கோப்பி எடுங்க, கிருமி இருந்தா ஆன்டிபயாடிக் கோர்ஸ் குடுப்பாங்க, ரெண்டு நாள்ல சுகமாச்சுன்னு பாதியில நிறுத்தக் கூடாது. மூட்டு வலிக்கு மாத்திரை போடுறவங்க வெறும் வயித்துல போடாதீங்க, அது தனியா புண்ணு உண்டாக்கும். மலம் கறுப்பா தார் கணக்கா போனா வீட்டுல வச்சுப் பாக்காதீங்க, அன்னைக்கே ஓடுங்க. சிகரெட்டை விடுங்க. காலையில வெறும் வயித்துல சாயா, அதையும் குறைங்க. @திங்கள்சந்தைக்காரன் தம்பி, பாட்டாவுக்கு ஒரு தடவை எண்டோஸ்கோப்பி பாத்துருங்க, பழைய இணைப்புல மறுபடி புண்ணு வரலாம்.

திங்கள்சந்தைக்காரன்:
அண்ணாச்சி, பாட்டா செத்து பல வருசம் ஆச்சு.

மஸ்கட்வாசி:
நான் சைட்டுல வேலை பாக்கும்போது ஒரு இங்கிலீஷ்காரக் கிழவன் சேப்டி ஆபீசரா இருந்தாரு, யார்ட்டயும் பேசமாட்டாரு, ஹெல்மெட் போடலன்னா மட்டும் கத்துவாரு. ஒருநாள் எந்த ஊருன்னு கேட்டாரு, கன்னியாகுமரின்னா யாருக்கும் தெரியும்னு அதைச் சொன்னேன், அதுல எங்கன்னாரு, நெய்யூர் பக்கம்னேன். தலையைச் சட்டுனு நிமித்துனாரு. அவருக்கு ஊரு கெண்டலாம், சாமர்வெல் பிறந்த அதே ஊரு, அந்தக் குடும்பம் அங்க கே ஷூன்னு பெரிய செருப்புக் கம்பெனி வச்சிருந்த குடும்பமாம், இவங்க அம்மா அதுல தையல் மெஷின்ல இருந்தவங்களாம். தன் பூட்ஸைக் காட்டி என்னமோ சொல்லிச் சிரிச்சாரு, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. அப்புறம் கேட்டாரு, "கேமரா கிடைச்சுதா?"ன்னு. எனக்கு ஒண்ணும் ஓடல. அதே 1924 டிரிப்புல எவரெஸ்ட்ல காணாமப் போன மல்லரி கடைசியா மேல போகும்போது தன் கேமராவைக் கொண்டுபோகல, சாமர்வெல்தான் தன்னோட சின்ன கோடாக் கேமராவைக் குடுத்து விட்டாராம். 1999ல மல்லரி உடம்பு கிடைச்சுது, கேமரா இல்ல, அவங்க உச்சிக்குப் போனாங்களா இல்லையாங்கிறது அந்தப் பிலிம்லதான் இருக்கும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் அந்த ஆளு என்னைப் பாத்தா மட்டும் கத்தமாட்டாரு, ஹெல்மெட் இல்லாட்டியும்.

தேரிக்காடு:
1922ல அதே மலையில பனிச்சரிவுல சுமை தூக்கிட்டுப் போன ஏழு ஷெர்பா செத்தாங்க, வெள்ளைக்காரன் ஒருத்தனும் சாகல. அதையும் போடுங்க, சும்மா வீரக் கதையா ஓட்டாதீங்க.

பழையஏடு:
@தேரிக்காடு அதை மனசுல வச்சுக் கடைசி வரை வருத்தப்பட்டதும் அவருதான். அந்த டிரிப்புக்கு அப்புறம்தான நெய்யூர்ல ஒத்த டாக்டர் முன்னாடி நின்ன கூட்டத்தைப் பாத்துட்டு, லண்டன்ல கிடைக்கிற பெரிய ஆஸ்பத்திரி வேலை வேண்டாம்னு வந்தாரு. 1949 வரை இங்க, அப்புறம் வேலூர் சிஎம்சியில 1961 வரைக்கும். குற்றவுணர்ச்சியில வந்தாரு, மதம் மாத்த வந்தாருன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லலாம், வந்தாரு, அவ்வளவுதான்.

தேரிக்காடு:
அவ்வளவுதான்னு நீங்க சொன்னா முடிஞ்சுதா சார்.

இரணியல்_லதா:
சண்டை போதும் எனக்கு ஒரு விஷயம் கேக்கணும். அப்ப இது திருவிதாங்கூர், 1956லதான நாம தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, கொல்லம் அதுக்கு அங்கிட்டு இருந்தெல்லாம் வண்டி கட்டி நெய்யூருக்கு நோயாளி வருவாங்க, கூடவே வீட்டாளுங்க பாத்திரம் பண்டம் அரிசியோட வந்து அங்கயே அடுப்பு கூட்டிப் பொங்கித் தின்னுட்டுக் கிடப்பாங்க. எங்க பாட்டி அவங்களுக்கு விறகும் கிழங்கும் வித்தவ. ஒரு குடும்பம் விறகுக் காசுக்கு ஈடா ஒரு வெங்கலப் பானையை வச்சுட்டுப் போச்சாம், சுகமாகிப் போகும்போது எடுத்துக்குறோம்னு. வரவே இல்ல. மூணு வீடு மாறியாச்சு, பாட்டி போய்ட்டா, பானை இப்ப எங்கிட்ட இருக்கு, மாசம் ஒருக்கா புளி போட்டுத் தேச்சு வைக்கிறேன், பொங்கலுக்குக் கூட அதை எடுக்கமாட்டேன். கழுத்துல மலையாளத்துல ரெண்டு எழுத்து வெட்டியிருக்கு. என்ன எழுத்துன்னு இங்க சொல்லமாட்டேன். கொல்லம், குண்டறை பக்கம் சொந்தம் உள்ளவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, எழுத்தைச் சரியா சொல்றவங்க வந்து எடுத்துக்கலாம், விறகுக் காசு வேண்டாம்.

ஹெல்த்_அண்ணாச்சி:
லதா, வெங்கலத்துல புளிக்கொழம்பு மட்டும் வைக்காதீங்க, ஈயம் பூசலன்னா களிம்பு ஏறும்.